பாதி விலைக்கு ஒரு வீடு

"சிரிக்கக் கூடாது. 'நல்லா இருக்கு'ன்னு வாய் தவறிக்கூடச் சொல்லிடாதே. புரிஞ்சுதா?"

கேட்டில் கை வைத்தபடி மனைவியை எச்சரித்தார் பாதி சார்.

இன்சூரன்ஸ் கம்பெனியில் சேதத்தை மதிப்பிடுவது அவர் வேலை. எரிந்த கடை, நசுங்கிய கார், நனைந்த குடோன், எதைக் காட்டினாலும் "பாதி" என்பார். ஆபீஸ் வைத்த பெயர் வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. சொந்த வீடு பார்க்கப் போன இடங்களிலும் அதே பாதிதான். பதின்மூன்று வீடுகள் கை நழுவியிருந்தன. குடியிருக்கும் வாடகை வீட்டையோ மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும்.

"இதுவும் போச்சுன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க பாதி வீட்டுல பாதிக் குடித்தனம் நடத்திக்குங்க" என்றாள் மனைவி.

அதனால்தான் இன்று ஆயுதத்தோடு வந்திருந்தார். ஆயுதம், மனைவியின் தம்பி. கட்டட மேஸ்திரி.

"குறையா அடுக்கு மாப்ள. வீட்டுக்காரம்மா ஆடிப் போகணும். அப்புறம் நான் பாதியைச் சொல்றேன். நான் இருமினா இன்னொரு குறை. சரியா?"

"விடுங்க மாமா. நான் பேசுற பேச்சுல அவங்களே சாவியைக் கையில குடுத்துட்டு ஓடிடுவாங்க."

கதவைத் திறந்தவர் ஓய்வு பெற்ற தலைமை நர்ஸ். தனி ஆள். கையில் நோட்டு, காதோரம் பேனா. "உள்ளே வாங்க. என்ன கோளாறு இருந்தாலும் ஒளிக்காம சொல்லிடுங்க" என்றார்.

மேஸ்திரி சுவரில் விரல் முட்டியால் தட்டினான். உள்ளே எலி புரண்டதுபோல ஏதோ பொலபொலவென்று உதிர்ந்தது.

"பூச்சு விட்டுப் போச்சும்மா. தொட்டா கையோட வரும்."

நர்ஸ் எழுதிக்கொண்டார்.

பாதி சார் இருமினார்.

"கூரை ஒழுகுது. கம்பி துருப்பிடிச்சிருக்கு."

இருமல்.

"நிலையைக் கரையான் தின்னுடுச்சு. கதவு பழக்க தோஷத்துல நிக்குது."

பின்பக்கத்து ஜன்னலைத் திறந்த மனைவி அப்படியே நின்றுவிட்டாள். அறை முழுக்க வெயில் கொட்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் நர்ஸ் நினைத்திருக்க வேண்டும்.

பாதி சாருக்கு உற்சாகம் தாங்கவில்லை. தொடர்ந்து மூன்று முறை இருமினார்.

"இந்த இருமல் எத்தனை நாளா?" என்றார் நர்ஸ், நோட்டிலிருந்து தலை தூக்காமல். பிறகு பக்கத்தைப் புரட்டி மேஸ்திரியைப் பார்த்தார். "சரி தம்பி, ஒரே கேள்வி. இது பொழைக்குமா?"

பாதி சார் நெஞ்சை நிமிர்த்தினார். இதோ, அந்த நிமிஷம்!

"ஏன்னா, போன மாசம் இன்னொரு மேஸ்திரி வந்து பார்த்தார். இதை யாராலயும் சரி பண்ண முடியாதுன்னுட்டார்."

மேஸ்திரியின் முகம் சிவந்தது.

"யாராலயும் முடியாதுன்னா சொன்னான்? பூச்சுக் கரண்டி பிடிக்கத் தெரிஞ்சவனா அவன்?"

பாதி சார் இருமினார்.

"அஸ்திவாரம் யானை மாதிரி இருக்கும்மா! இதெல்லாம் மேல்காயம்தான். பூச்சைக் கொத்திட்டுப் புதுசாப் பூசணும். நிலையை மாத்தணும். கூரைக்கு ஒரு வாரம்."

பாதி சார் கண்ணில் தண்ணீர் வரும்வரை இருமினார்.

"சும்மா இருங்க மாமா, தொழில் பேசிட்டிருக்கேன்! நாப்பதே நாள்மா. செலவும் நீங்க பயப்படுற அளவுக்கு வராது."

நர்ஸ் நோட்டை மூடினார்.

"அப்ப நீங்களே பண்ணிக் குடுத்துடுங்க தம்பி. நான் விக்கலை."

"அம்மா, நாங்க வாங்கத்தான்..." பாதி சாரின் குரல் நிஜமாகவே கம்மியிருந்தது.

"தெரியும் சார். பொழைக்காத வீடுன்னு நினைச்சுத்தான் விக்க வந்தேன். பாதி விலைக்குக் கேட்டாக்கூடத் தள்ளி விட்டுடறதுன்னு இருந்தேன். நல்ல வேளை, தம்பியைக் கூட்டிட்டு வந்தீங்க!"

பாதி சார் மச்சானைப் பார்த்தார். மச்சான் டேப்பை இழுத்து ஹாலை அளக்க ஆரம்பித்திருந்தான்.

மனைவி ஜன்னலை விட்டு நகரவில்லை. நர்ஸ் அவள் பக்கம் திரும்பினார். "இந்த அறை உனக்குப் பிடிச்சுப் போச்சு இல்லம்மா? இந்தப் பின்கட்டை வாடகைக்கு விடலாம்னு தோணுது. இதைத்தான் முதல்ல முடிக்கச் சொல்லப் போறேன், மாசக் கடைசிக்குள்ள வந்துடலாம்." வாடகையையும் சொன்னார்.

பழக்கம் விடுமா? பாதி சாரின் வாய் தானாகத் திறந்தது. "அதுல பா..."

மனைவி இருமினாள்.

ஒரே ஒரு இருமல்தான். பாதி சாரின் வாய் பாதியிலேயே மூடிக்கொண்டது.

"முழுசாவே குடுத்துடறோம்மா. வீடு ரொம்ப நல்லா இருக்கு" என்றாள் அவள், காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த சிரிப்பை எல்லாம் சேர்த்துச் சிரித்தபடி.