பூரான் அறை

மழைக்காட்டுப் பூரானின் கண்ணாடித் தொட்டியில் அன்று காலை ஒரு கீறல் விழுந்திருந்தது. உயிரியல் பூங்காவில் பூரான்களைப் பார்த்துக்கொள்கிறவள் அதைக் கண்டதும் ஒரு புதுப் பெட்டியைத் தேடி எடுத்தாள். ஒரு சாணுக்கு மேல் நீளம், கட்டைவிரல் பருமன், எலிக்குஞ்சை அப்படியே கவ்வித் தின்கிற ஜந்து. அது தானாக வெளியே வருவதற்குள் அதற்கு மாற்றியாக வேண்டும். கூட வேலை பார்ப்பவர் விடுப்பு. மேலாளரிடம் ஆள் கேட்டால், "பயமா இருந்தா சொல்லிடும்மா, வேற ஆளைப் போட்டுக்கறேன்" என்பார். அவள் கேட்கவில்லை.

நான்கு மாதத்துக்கு முன் இன்னொரு பூரான் அவளுடைய நடுவிரலைப் பதம் பார்த்திருந்தது. முழங்கை வரை வீங்கி மூன்று நாள் துடித்தாள். மகளுக்குத் தலை பின்னியதிலிருந்து இவளுக்குச் சோறு ஊட்டியது வரை எல்லாம் தையல்காரக் கணவன்தான். நாலாம் நாள், "இனிமே அந்தப் பக்கம் போகாதே" என்று மட்டும் சொன்னான். வண்ணத்துப்பூச்சிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள் என்று இவளும் கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லி வைத்தாள். உண்மையில் வண்ணத்துப்பூச்சிகளோடு அவளுக்கு ஒட்டவே ஒட்டாது. அதைப் போய் யாரிடம் சொல்லிப் புரியவைப்பது?

நீண்ட இடுக்கியால் பூரானின் நடு உடலை மெல்லப் பிடித்துத் தூக்கினாள். பாதி உடல் புதுப் பெட்டிக்குள் இறங்கியது. பிறகு என்ன நினைத்ததோ, தலையைத் திருப்பி இடுக்கியின் மேலேயே கிடுகிடுவென்று ஏறத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. அவள் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டுப் பாத்திரத்தோடு கணவன் நின்றான். முகத்தில் ஈயாடவில்லை.

"வண்ணத்துப்பூச்சிகிட்ட போய்த் தேடிட்டுத்தான் வரேன்" என்றான்.

"என்னங்க, அப்புறம் திட்டுங்க. முதல்ல அந்தப் பெட்டி மூடியை எடுத்துட்டு வாங்க."

பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டு மூடியோடு வந்தான். அவள் இடுக்கியைப் பெட்டியின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்ட, பூரான் உள்ளே மண்ணில் விழுந்தது. அது திரும்புவதற்குள் அவன் மூடியை வைத்து இரண்டு கையாலும் அழுத்தினான். அவள் கொக்கிகளை மாட்டினாள்.

"உன்னைக் கடிச்சது இதுதானா?"

"இல்லைங்க. அது போன மாசம் செத்துப்போச்சு."

"அப்பத்தான் ஒரு நாள் கண்ணெல்லாம் செவந்து வந்தே. தூசி விழுந்துடுச்சுன்னே."

அவள் தலையாட்டிவிட்டுக் கொக்கிகளை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

"கையை எடுங்க. கொக்கி மாட்டியாச்சு."

அவன் எடுக்கவில்லை. ஊசி குத்திக் காய்த்துப்போன அந்த விரல்களுக்கு நேர் கீழே, கண்ணாடி மூடிக்கு அந்தப் பக்கம், பூரான் தன் கால்களை ஒவ்வொன்றாக வாய்க்கு இழுத்து நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தது.