நெஞ்சுக்குப் போன மருந்தும் நான் சொன்ன எடையும்

நெஞ்சில் அடைப்பு இருக்கா என்று பார்க்க மதுரை ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். கதிர் மருந்தாம். இதயத்தில் போய் ஒட்டிப் படத்தில் தெரியுமாம். கொஞ்ச நேரத்துக்கு உடம்பிலிருந்து கதிர் வீசும், சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது என்றார்கள். எனக்கு ஒன்றும் நம்பிக்கையில்லை. ஆனால் மறுநாள் நரிக்குடியில் பேத்திக்குக் காதுகுத்து. மகள் முருகலட்சுமிக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது. தாய்மாமன் மடிக்குப் பதிலாக என் மடியில் வைத்துத்தான் குத்தவேண்டும்.

படம் எடுத்ததும், கதிர்க் கணக்குப் போடுகிற ஜீவிதாவிடம் நேராகவே கேட்டேன்.

"எம் நெஞ்சுக்கு எம்புட்டுப் போயிருக்கு? நாளைக்குப் பேத்திய மடியில வைக்கலாமா?"

"உள்ள போயி அளக்க முடியாது தாத்தா. மதிப்புத்தான் போடுவோம். எவ்வளவு மருந்து போச்சு, இதயம் எவ்வளவு பிடிச்சுச்சு, எவ்வளவு நேரம் தங்கும், உங்க எடை என்ன, எல்லாத்தையும் சேத்து."

எடை என்றதும் எனக்குத் திக்கென்றது. காலையில் தராசில் ஏறச் சொன்னபோது, "நேத்துத்தான் பாத்தேன், அம்பத்தஞ்சு" என்று அடித்துவிட்டிருந்தேன். எடைக்குத் தக்கன காசு பிடுங்குவார்கள் என்று நினைப்பு. ஆடு வாங்கி விற்கிறவன் நான். தராசு வைத்திருக்கிறவனிடம் எவனாவது உள்ள எடையைச் சொல்வானா?

"இதயத்துக்குப் போனது கொஞ்சந்தான். பயப்படாதீங்க" என்றாள்.

அந்தக் கணக்குக்குள் என் பொய்யும் கிடக்கிறதே! அதை நம்பிப் பிள்ளையை எப்படித் தூக்குவது?

"தாயி, எடையக் கொறச்சுச் சொல்லிட்டேன்."

"எதுக்கு?"

"ஆட்டு யாவாரி."

சிரித்துக்கொண்டே தராசில் ஏற்றினாள். எழுபத்தொண்ணு.

"அடேயப்பா, ஒரு ஆட்டையே ஒளிச்சு வச்சிருந்தீங்களே!" என்று மறுபடி கணக்குப் போட்டாள்.

"கூடிருச்சா?"

"கொறஞ்சிருச்சு. அதே மருந்து, பெரிய உடம்பு. பரவிப் போயிரும்ல?"

உண்மையைச் சொல்லி லாபம் பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

"அப்ப நாளைக்கு?"

"ஆறு மணி நேரத்துக்கு ஒருக்கா பாதியாகும். இன்னைக்கு மட்டும் பிள்ளைய ஒட்டி வச்சுக்காதீங்க. நாளைக்குத் தாராளமா."

"இதுவும் மதிப்புத்தான?"

"நீங்க ஆட்டு முதுகத் தடவி எடை சொல்றது மட்டும் என்னவாம்?"



பெரிய அடைப்பு இல்லை என்று டாக்டர் சொன்னார். அதைப் பாதிதான் நம்பினேன். ஜீவிதா சொன்னதை முழுசாக நம்பி, மறுநாள் பேத்தியை மடியில் வாங்கினேன். குத்தினதும் வீல் என்று கத்தி, என் நெஞ்சிலேயே ஒரு உதை விட்டாள்.

"நல்ல கனம்! பத்துக் கிலோ இருப்பாளா?" என்றார் காது குத்தின ஆசாரி.

"எட்டு" என்றேன். உள்ளது பத்துத்தான்; பழகின வாய் கேட்கவில்லை.