கம்பெனி ஆட்கள்

சத்தியசீலன் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது அந்த வெள்ளை வேன் தெருமுனையில் திரும்பியது. அவர் கை அப்படியே நின்றுவிட்டது. கூடத்தில் தங்கை தேவகி பெட்டிக்குள் கிடந்தாள். நேற்றுக் காலை நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"கம்பெனி ஆளுங்க வந்துட்டாங்க போலருக்கு," என்றாள் பக்கத்து வீட்டு அழகம்மா.

மலேசியாவின் பாடாங் செராயில் இந்த வரிசை வீட்டாருக்குத் தெரிந்தவரை தேவகி கையுறை கம்பெனியில் பாதி நாள் வேலை செய்தவள். ஒன்பது வருடமாகச் சத்தியசீலன் கட்டிக்காத்த கதை அது. உண்மையில் அந்த வேன் அவளை ஏற்றிக்கொண்டு போனது, ஆஸ்பத்திரி மனநலப் பிரிவின் ஓவிய வகுப்புக்கு. தன் மகளுக்கு வரன் பார்க்கிற நேரத்தில் அத்தையைப் பற்றிப் பேச்சு கிளம்பக்கூடாது என்று, எங்கேயோ தேடி கம்பெனிச் சீருடை போல ஒரு நீலச் சட்டையும் வாங்கிக்கொடுத்தார். அவளும் வாய் பேசாமல் மாட்டிக்கொண்டு போனாள். மகளுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளும் ஆகிவிட்டன. இனி அந்தச் சட்டை வேண்டாம் என்று மட்டும் அவர் சொல்லவே இல்லை.

படம் வரையத் தொடங்கிய பிறகு அவள் சுவரோடு பேசுவது குறைந்தது. ராத்திரியில் தூங்கினாள். குழம்பில் உப்பு இல்லை என்று சண்டைகூடப் போட்டாள். எல்லாம் மாத்திரை செய்த வேலை என்றே அவர் சொல்லிக்கொண்டார்.

வேனிலிருந்து ஆறு பேர் இறங்கினார்கள். வகுப்பு நடத்தும் பிரேமலா, அவளிடம் வரையக் கற்கிற ஐந்து பேர். எல்லாரும் வாசலுக்கு வெளியே தயங்கி நின்றார்கள்.

"எந்த செக்‌ஷன் தம்பி நீங்க?" அவர்களில் முன்னால் நின்ற ஜெயகுமாரை அழகம்மா கேட்டாள்.

சத்தியசீலன் நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தார். மானம் போகப்போகிறது, அதுவும் இன்றைக்கு.

"பேக்கிங் ஆன்ட்டி," என்றான் அவன். கொஞ்சமும் தடுமாறவில்லை.

அவனை ஓரமாக அழைத்துப் போனார். "யாரு தம்பி அப்படிச் சொல்லச் சொன்னது?"

"தேவகி அக்காதான்ணே. வீட்டுப் பக்கம் வந்தா கம்பெனின்னுதான் சொல்லணும், இல்லாட்டி எங்க அண்ணன் தலை குனிஞ்சிருவாருன்னு சொல்லிருக்காங்க. அதான் அவங்க வரைஞ்ச படத்தக்கூட வேன்லயே வெச்சிட்டோம்லா."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று சத்தியசீலனுக்குத் தெரியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. தெருவுக்கு அஞ்சியவர் இந்தப் பையன் முன்னால் கூசி நின்றார்.

வேனுக்குப் போய், பின் இருக்கையில் துணி சுற்றி வைத்திருந்த படத்தைப் பிரித்தார். அதில் இருந்தது அவர்தான். மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். தேவகியைப் பார்த்து எப்போது அப்படிச் சிரித்தோம் என்று யோசித்தார். நினைவுக்கு வரவில்லை.

வரைந்த பக்கம் நெஞ்சோடு ஒட்டியிருக்க, அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"என்னண்ணே அது, கம்பெனில குடுத்ததா?" என்றாள் அழகம்மா.

"இல்லம்மா." அவளுக்கு நேராகத் திரும்பினார். "தேவகி வரைஞ்சது. மனசு சரியில்லாதவங்களுக்கு ஆஸ்பத்திரில வகுப்பு நடக்குது, அங்க வரைஞ்சது. அவ கம்பெனிக்கே போனதில்ல. நான்தான் பொய் சொன்னேன்."

கூடத்துக்குள் போனார். அவர் படத்தைத் திருப்பி, பெட்டியின் தலைமாட்டில் சாய்த்து வைத்தார்.

வெளியே தயங்கி நின்ற ஆறு பேரும் உள்ளே வர ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றினார்கள்.