அழைக்கக் கூடாதவர்களின் பட்டியல்

“அக்கா, நீ வெளியில யார்கிட்டயாவது என்னைக் குட்டிமான்னு சொன்னியா?”

தங்கையின் குரல் தூக்கத்தில் ஊறிக் கனத்திருந்தது. பகல் பதினொன்றரை மணி. ஆஸ்பத்திரியில் இரவு முறை பார்க்கும் நர்ஸுக்கு அது நடுத்தூக்க நேரம்.

“இல்லையே. ஏன்டி?”

“இப்ப ஒருத்தன் போன் பண்ணி, ‘குட்டிமா மேடங்களா, மெத்தை தேவைப்படுதா’ன்னு கேக்குறான். மெத்தையில படுத்துக்கிட்டுதான்டா இருக்கேன்னேன். இன்னிக்கு இது நாலாவது கால். நம்ம வீட்டைத் தவிர அந்தப் பேரு எவனுக்குக்கா தெரியும்?”

அக்காவுக்கு உடனே தெரிந்துவிட்டது. 

“வைடி. தூங்கு. அப்புறம் பேசுறேன்.”

“தூங்குன்னு சொல்ல எல்லாரும் இருக்கீங்க. தூங்க விடத்தான் ஆளில்லை.”

அக்கா கணினியில் போன மாதப் பட்டியலைத் திறந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி. பெயர்: குட்டிமா. அவள் கையால் அடித்தது. மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தாள். மூன்றாவது முறையும் அதே பெயர்தான் இருந்தது.

அவள் வேலை செய்தது தொலைபேசியில் பொருள் விற்கும் பதினான்கு நிறுவனங்களின் சங்கத்தில். இரண்டு அறை, ஒரு செயலாளர், புகார் எழுத்தராக அவள், ஒரு பக்கம் இழுக்கும் மின்விசிறி. அவ்வளவுதான் சங்கம். ஒன்பது வருடத்துக்கு முன் அரசாங்கம் சட்டம் போடப் போவதாகச் சொன்னபோது, “சட்டமெல்லாம் எதற்கு, எங்களை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்” என்று நிறுவனங்கள் எழுதிக் கொடுத்த பதினோரு நன்னடத்தை விதிகள், செயலாளரின் தலைக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கின. அத்தனையும் அவர் எழுதியவை. நிறுவனக்காரர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘விதி சார்’.

நான்காம் விதிதான் அவளுடைய வேலை. அழைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்பவர்களின் பெயர்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி பதினான்கு நிறுவனங்களுக்கும் அனுப்ப வேண்டும். பெயர், எண், வீட்டில் இருக்கும் நேரம், அழைப்பு தொந்தரவாக இருக்கும் நேரம். கடைசி இரண்டு கட்டங்களை மூன்று வருடத்துக்கு முன் உறுப்பினர்கள்தான் கேட்டுச் சேர்த்தார்கள். இன்னும் கவனமாக இருக்கலாமே என்றார்களாம்.

போன மாதம் இப்படிப் பகல் தூக்கம் கெட்டு, வார்டில் தங்கை கண் சொக்கிப்போய் ஒருவருக்கு ஏற்ற வேண்டிய மருந்தை இன்னொருவருக்கு மாட்டப் போனாள். கூட இருந்த நர்ஸ் கையைப் பிடித்துத் தடுத்திருக்கிறாள். “இன்னொரு தடவை ஆச்சுன்னா என் வேலை போறது இருக்கட்டும், ஒரு உசுரு போயிரும்க்கா” என்று சமையலறையில் நின்று அழுதாள். போனை அணைத்து வைக்கவும் வழியில்லை. மகன் பள்ளிக்கூடத்திலிருந்தோ வார்டிலிருந்தோ எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள். அன்றைக்குத்தான் அக்கா அவள் எண்ணைப் பட்டியலில் சேர்த்தாள். சொந்தக்காரிக்குச் சலுகை காட்டுவதுபோல் கூச்சமாக இருந்ததால் நல்ல பெயரைப் போடாமல் வீட்டுப் பெயரைப் போட்டாள். நேரம்: காலை பத்து முதல் மாலை நான்கு வரை, தூங்குவார்.

வாரத்துக்கு இரண்டாக இருந்த அழைப்பு அதன்பிறகு நாளுக்கு நாலானது. எல்லாம் பத்துக்கும் நாலுக்கும் நடுவில். “பட்டியல் வேலை செய்ய முப்பது நாள் ஆகும்டி” என்று தங்கையிடம் சொல்லியிருந்தாள். நூற்றுக்கணக்கானவர்களிடம் அதையேதான் சொல்லியிருக்கிறாள்.

அவள் போய்ச் சொன்னதும் செயலாளர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்.

“எந்தக் கம்பெனி?”

“சொல்லலை சார். கேட்டா வச்சிடுறாங்க.”

“கம்பெனி பேரில்லாம புகார் எப்படிம்மா எடுக்கிறது?”

“புகார் கம்பெனி மேல இல்ல சார். நம்ம பட்டியல் மேல.”

அவர் தலைக்கு மேலிருந்த சட்டத்தை அண்ணாந்து பார்த்தார். “அதுக்குப் படிவம் கிடையாதேம்மா” என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே யோசித்துவிட்டுத்தான் சொன்னார்.

அன்று பஸ்ஸில் நின்றபடியே அவளுக்கு ஒரு வழி தோன்றியது. நிறுவனப் பெயர்தானே வேண்டும்?

பட்டியலில் யாராவது விட்டுப்போனால் ‘விடுபட்ட பெயர்’ என்று மின்னஞ்சலில் தனிக் கடிதம் அனுப்புவது வழக்கம். மறுநாள் பதினான்கு நிறுவனங்களுக்கும் தனித்தனியாகப் பதினான்கு கடிதம் அனுப்பினாள். எண் எல்லாவற்றிலும் ஒன்றுதான், அவளுடைய சொந்த எண். பெயர் மட்டும் வேறு வேறு. வாலு, சிட்டு, பொம்மி, குண்டு என்று தெருவில் பிள்ளைகளுக்கு இருந்த பட்டப்பெயர்களை எல்லாம் இறக்கினாள். சங்கத் தலைவரின் நிறுவனத்துக்கு மிஞ்சியது மொட்டை. எந்தப் பெயர் எந்த நிறுவனத்துக்கு என்று நோட்டில் கட்டம் போட்டு வைத்துக்கொண்டாள். தான் செய்வது சரிதானா என்று அந்தக் கட்டத்துக்குக் கீழேயே எழுதி, எழுதியதை அடித்தாள்.

நாற்பதாவது நிமிடம் முதல் அழைப்பு வந்தது.

“வணக்கம், வாலு மேடங்களா?”

“ஆமாங்க.”

“நல்லா இருக்கீங்களா மேடம்? உங்க வீட்டுத் தண்ணி சுத்தமா இருக்கா மேடம்?”

சிரிக்கத்தான் நினைத்தாள். அந்தப் பெண்ணின் குரலும் களைத்துப்போய் இருந்ததைக் கேட்டதும் சிரிப்பு வரவில்லை.

ஒரே நிறுவனம் மாட்டும் என்றுதான் அவள் எண்ணியிருந்தாள். பத்து நாளில் ஒன்பது மாட்டின. ஏழாம் நாள், “மொட்டை சார் வீட்ல இருக்காங்களா?” என்று ஒருவன் மரியாதையாகக் கேட்டான்.

நோட்டைச் செயலாளர்முன் விரித்தாள். அவர் விரலை வைத்து வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். மொட்டையில் விரல் நின்றது.

“தலைவரோடதா?”

“ஆமா சார்.”

நோட்டை மூடினார். பிறகு, “ஏம்மா, ஏழாம் விதி தெரியும்ல? பட்டியல்ல பொய்த் தகவல் இருக்கக் கூடாது” என்றார்.

“தெரியும் சார்.”

“மீறல்னா என்னன்னு எழுதி வச்சிருக்கேன், பத்தாம் விதியில. மீறினவங்களே ஒத்துக்கிட்டாத்தான் மீறல். இவங்க ஒம்பது பேரும் ஒத்துக்க மாட்டாங்க. நீ ஒருத்திதான் வந்து ஒத்துக்கிட்டு நிக்கிற.” குரலில் கோபமே இல்லை. “வருஷ அறிக்கையில மீறல் ஒண்ணுன்னு வரும். அது நீதான்.”

“வரட்டும் சார். ஒம்பது வருஷமா பூஜ்யம். ஒண்ணாவது இருக்கட்டும்.”

அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. கண்ணாடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

அடுத்த ஒன்றாம் தேதி வந்தது. இருநூற்று நாற்பது பெயர் சேர்ந்திருந்தது. பதினான்கு முகவரிகளையும் போட்டுக் கடிதத்தைத் தயாராக வைத்தவள், அனுப்பாமல் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். பதினொரு மணிக்கு ஒரு நிறுவனம் போன் செய்தது. பட்டியல் இன்னும் வரவில்லையாம். பன்னிரண்டுக்குள் ஆறு நிறுவனம் கேட்டுவிட்டன. அழைக்கக் கூடாதவர்களைப் பற்றி இத்தனை அக்கறையாக இதுவரை யாருமே விசாரித்ததில்லை.

ஏழாவது போனைச் செயலாளரே எழுந்துவந்து எடுத்தார்.

“விதி சார், பட்டியல் என்னாச்சு? எங்க பசங்க சும்மா உக்காந்திருக்காங்க” என்று மறுமுனை இரைந்தது அவளுக்கே கேட்டது.

“தயாராகிட்டிருக்கு.”

“எப்ப வரும்?”

அவர் அவளைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று.

“சொல்ல முடியாதுங்க” என்று வைத்துவிட்டு, தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இதனால் தங்கைக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்பது அக்காவுக்குத் தெரியும். வெளியே போன எண் போனதுதான். அதனால் அன்று காலையே தங்கை வீட்டுக்குப் போய் அவள் போனை வாங்கிவந்து தன் மேசையில் வைத்திருந்தாள். பதிலுக்குத் தன் பழைய பட்டன் போனைத் தலையணைக்கு அடியில் செருகிவிட்டு வந்தாள். அந்த எண் அக்கா ஒருத்திக்குத்தான் தெரியும். பள்ளிக்கூடமோ வார்டோ கூப்பிட்டால் அதில் எழுப்புவாள்.

“தினமும் வந்து வாங்கிட்டுப் போவியா?” என்று கேட்டிருந்தாள் தங்கை, பாதி கண் மூடியபடி.

“நாலு ஸ்டாப்தானே.”

இரண்டேகாலுக்கு மேசைமேல் தங்கையின் போன் அதிர்ந்தது. தெரியாத எண்.

“வணக்கம், குட்டிமா மேடங்களா?”

“அவ தூங்குறா” என்றாள் அக்கா. “அக்கா பேசுறேன். சொல்லுங்க.”