நாலாயிரம் லாரிப் படங்கள்

அந்த அலுவலகத்தில் அவளுக்கு 'டேபிள் அக்கா' என்று பெயர். டேட்டாபேஸில் எந்த டேபிளில், அதாவது எந்த அட்டவணையில், எது இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். அப்பேர்ப்பட்டவள் மேல்தான், நாலாயிரம் லாரிப் படங்களை அழித்துவிட்டதாகப் பழி போட்டு, மேனேஜர் எல்லாருக்கும் மெயில் அனுப்பியிருந்தார். இன்று முதலாளி முன்னால் விசாரணை. வேலை நிலைக்குமா என்பது மதியத்துக்குள் தெரிந்துவிடும்.

விஷயம் இவ்வளவுதான். லாரி, வேன், கிரேன் எல்லாம் 'வாகனம்' என்ற ஒரே டேபிளில் இருந்தன. படங்களுக்குத் தனி டேபிள். ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும், அது எந்த வகையைச் சேர்ந்தது என்று ஒரு கட்டம். அதில் 'வாகனம்' என்ற தாய் வகையின் பெயர்தான் இருக்க வேண்டும்; புரோகிராம் அதை வைத்துத்தான் தேடும்.

"லாரியை லாரின்னு எழுதினாதானே அழகு?" என்றார் மேனேஜர்.

"வேண்டாம் சார், தேடினா கிடைக்காது" என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். அவள் காய்ச்சலில் படுத்த அன்று, மனுஷர் தன் கையாலேயே லாரிப் படங்களின் கட்டங்களையெல்லாம் 'லாரி' என்று மாற்றிவிட்டார். அதன்பின் தேடினால் ஒரு லாரிப் படமும் வரவில்லை; அவள்தான் அழித்தாள் என்று மெயில் போட்டார்.

திரும்பி வந்த அன்றே அவளுக்கு இது தெரிந்துவிட்டது. வாயே திறக்கவில்லை. விஷயம் முதலாளி முன்னால் வரட்டும் என்று ஒரு வாரமாகக் கறுவிக்கொண்டிருந்தாள்.

"இவங்கதான் சார் அழிச்சாங்க" என்றார் மேனேஜர், விசாரணை தொடங்கியதும்.

அவள் எழுந்து பெரிய திரையில் படங்களின் டேபிளைத் திறந்தாள். நாலாயிரமும் அழியாமல் வரிசையாக நின்றன. அடுத்து, யார் எப்போது மாற்றினார்கள் என்ற பதிவு. தேதி, நேரம், மேனேஜரின் பெயர்.

"அன்னிக்கு நான் லீவு சார்."

"சரி பண்ண எவ்வளவு நேரமாகும்மா?" என்றார் முதலாளி.

"ஒரே ஒரு வரி அடிச்சா போதும் சார். ஆனா நான் அடிக்க மாட்டேன். அவரே அடிக்கட்டும்."

மேனேஜர் உட்கார்ந்தார். அவள் எழுத்தெழுத்தாகச் சொன்னாள். இரண்டு முறை தப்பாக அடித்தார். "அழிச்சுட்டு மறுபடி அடிங்க சார்" என்றாள் பொறுமையாக. புரோகிராமில் தேடியதும் படங்கள் வந்தன.

"இப்ப மெயில். அன்னிக்கு யார் யாருக்கு அனுப்பினீங்களோ, அத்தனை பேருக்கும். 'மாத்தினது நான். பழி போட்டதும் நான்.' கீழே முழுப் பேரையும் போடுங்க."

அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கீபோர்டைக் காட்டினார். மெயில் போனது. அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

"இது உனக்கு முன்னாடியே தெரியும்தானே, ஏம்மா சொல்லலை?" என்றார் முதலாளி.

"அந்த மெயிலைப் படிச்சதும் என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டீங்களா சார்?"

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். அவள் பையை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள்.