யூகேஜி வகுப்பில் கணுக்கால் தண்ணீர்

"பிள்ளைக தமிழ்ல சிரிச்சா என்னம்மா பண்ணுவ?" என்று தாளாளர் ஹாலாஸ்யம் நேர்முகத் தேர்வில் கேட்டபோது நுஸைபாவுக்கு வயது இருபத்து மூன்று. "நானும் சேந்து சிரிச்சிருவேன் சார்" என்றாள். வேறு யாரும் விண்ணப்பிக்காததால் வேலை கிடைத்தது. அதற்கு எட்டு மாதம் கழித்து, பசுமலை அடிவாரத்தில் அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தின் மாடியில் இருந்த யூகேஜி வகுப்புக்குள் வைகை ஆறு வந்தது. கணுக்கால் அளவு. மூன்று வருடம் ஆகியும் வடியவில்லை. பிள்ளைகள் ஷூவைப் படியில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறார்கள். பெஞ்சுக்கு அடியில் கெண்டைக்குஞ்சுகள் திரிகின்றன. கீழே அலுவலக அறையில் இதுவரை ஒரு சொட்டும் ஒழுகியதில்லை.

ஹாலாஸ்யம் கெட்டவர் அல்லர். திருநகர்வாசி. ஏழு வயதில், அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கக் கூட்டத்தோடு போய், இடது கால் செருப்பைத் தண்ணீரில் விட்டுவிட்டார். வார் அறுந்து ஊக்கு குத்திய நீலச் செருப்பு. அவருடைய அப்பா வேறு செருப்பு வாங்கித் தராமல், அந்த வருடம் முழுக்க ஒற்றைச் செருப்போடுதான் பள்ளிக்கு அனுப்பினார். அதற்குப் பிறகு அவர் ஆற்றுப் பக்கம் போனதில்லை. பள்ளிக்குள் அவர் ஷூ கழற்றி யாரும் பார்த்ததும் இல்லை. ஆண்டு விழாதோறும் மேடையில் இந்தக் கதையைச் சொல்லி, "கூட்டத்தோட போனா செருப்புத்தான் போகும். இங்கிலீஷோட போனா செருப்புக்கடையே வைக்கலாம்" என்று முடிப்பார். பெற்றோர் கை தட்டுவார்கள்.

அந்த வருடம் வகுப்பில் இருந்த முப்பத்தொரு பிள்ளைகளில் தமிழ்வாணி மட்டும் ஆங்கிலத்தில் ஒரு சொல்கூடப் பேசவில்லை. மாட்டுத்தாவணி பூச்சந்தையில் மூட்டை இறக்கும் அழகுபாண்டியின் மகள். கேட்டருகில் ஆயா சீனியம்மாளிடம் ஊர்க்கதை முழுக்கப் பேசுவாள்; வகுப்பு நிலைப்படியைத் தாண்டினால் வாய் பூட்டிக்கொள்ளும். "பேரே தமிழ்வாணி. அப்புறம் இங்கிலீஷ் எங்கிட்டு வரும்?" என்பார் ஹாலாஸ்யம். மாசியில் நடக்கும் பாரம்பரிய தினத்தன்று எல்லார் முன்னாலும் நாலு வாக்கியம் சொல்லாவிட்டால் அவளுக்கு ஒன்றாம் வகுப்பில் இடமில்லை என்றும் சொல்லிவிட்டார். டி.சி.யைத் தட்டச்சு செய்து, கையெழுத்தும் போட்டு, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அழகுபாண்டி நுஸைபாவைத் தேடி வந்து, துண்டைக் கக்கத்தில் இடுக்கியபடி, "எம்புட்டு மூட்டைன்னாலும் தூக்கிருவேன் டீச்சர். இந்த இங்கிலீஷ மட்டும் தூக்க முடியல. பிள்ளைய விட்றாதீக" என்றான். 

சுவரில் ஆப்பிள், இக்ளூ, யாக் என்று படங்கள் தொங்கின. எருமைக்குத் தினமும் வழிவிட்டு வரும் பிள்ளைகள் யாக் என்று கத்திப் படித்தார்கள். நுஸைபா அந்தப் படங்களைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை ஆளுக்கு ஒரு பொருள் வீட்டிலிருந்து கொண்டுவந்து, தெரிந்த ஆங்கிலத்தில் அதைப் பற்றிச் சொல்லும்படி கேட்டாள். ஷாகிர் நோன்புக் கஞ்சி வாங்கும் தூக்குவாளியைக் காலியாகக் கொண்டுவந்தான். "திஸ் இஸ் கஞ்சி. ஈவினிங் கஞ்சி. வெரி ஹாட். ஆல் ஸ்ட்ரீட் டிரிங்க்" என்றான். வாளி நிரம்பியது. ஆவி பறந்தது. வகுப்பே குடித்தும் வற்றவில்லை. நுஸைபா வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்தபடி நின்றாள். சீனியம்மாள் ஒரு டம்ளர் குடித்துப் பார்த்து, "உப்பு கொஞ்சம் பத்தல டீச்சரம்மா" என்றாள். அடுத்த வெள்ளி ஆஷிகா ஒரு கொத்து மருதாணி இலையைத் தூக்கிக் காட்டி, "ஈத் கம், ரெட் கம்" என்றாள். அறையிலிருந்த அத்தனை கைகளும் சிவந்தன. கீழே கேட்டில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் வீரணனின் கையும் சிவந்தது. ஆப்பிளை எத்தனை முறை சொன்னபோதும் ஓர் ஆப்பிளும் வந்ததில்லை.

வீரணனின் கையைப் பார்த்துத்தான் ஹாலாஸ்யத்துக்கு விஷயம் தெரிந்தது. "இது ஸ்கூலா, செப்படி வித்தைக் கொட்டாயா? இனி வீட்டுச் சாமான் ஒண்ணும் கேட்டைத் தாண்டக் கூடாது. பாரம்பரிய தினத்துக்குப் பத்து வரி எழுதித் தாரேன். மனப்பாடம் பண்ண வையி" என்றார். மை கல்ச்சர் என்று தொடங்கும் அந்தப் பத்து வரிகளைத் தமிழ்வாணிக்கு நுஸைபா பத்து நாள் சொல்லிக் கொடுத்தாள். பிள்ளை அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

விழா மாடி வகுப்பிலேயே நடந்தது. பையன்கள் வேட்டியை ஒரு கையால் பிடித்தபடி பத்து வரி ஒப்பித்தார்கள். சொன்ன எதுவும் அறைக்குள் வரவில்லை. ஹாலாஸ்யம் நிம்மதியாக இருந்தார். அப்போது அழகுபாண்டி உள்ளே வந்தான். பெற்றோர் பாரம்பரிய உடையில் வரவும் என்று அழைப்பிதழில் இருந்தது. அவனிடம் இருந்தது ஒன்றுதான்: சித்திரையில் விரதமிருந்து அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சப் போகும்போது போடுகிற சிவப்பு வெல்வெட் சட்டை, சரிகைக் குல்லா, இடுப்பில் காலி ஆட்டுத்தோல் பை.

"என்னப்பா வேஷம் இது?"

"நீங்கதான சார் போட்டு வரச் சொன்னீக."

எல்லாரும் சிரித்தார்கள், தமிழில். கடைசியாகத் தமிழ்வாணியைக் கூப்பிட்டார்கள். நடுவில் வந்து நின்றாள். சுவர்க் கடிகாரத்தில் ஒரு நிமிடம் போனது, இன்னொன்றும் போனது. ஹாலாஸ்யத்தின் விரல்கள் சட்டைப்பையைத் தொட்டன. நுஸைபாவின் கையில் பத்து வரித் தாள் இருந்தது. அவள் அதை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, பிள்ளையின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாள். அப்பாவின் இடுப்பிலிருந்த பையைக் காட்டி, "பாப்பா, வாட் இஸ் திஸ்?" என்று கேட்டாள்.

"மை ஃபாதர் பேக்" என்றாள் தமிழ்வாணி. குரல் முதலில் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது, பிறகு மேலேறியது. "சம்மர் கம். அழகர் கம். அழகர் வெரி ஹாட். மை ஃபாதர் வாட்டர். ஆல் பீப்பிள் வெட். நோபடி ஆங்ரி."

முதலில் கற்பூர வாசம் வந்தது. பிறகு மாடிப்படி வழியாகத் தண்ணீர் ஏறி வந்தது, கீழேயிருந்து மேலே, ஒவ்வொரு படியாக. மாசி மாதம், ஆற்றில் ஒரு செம்புத் தண்ணீர் இல்லை. ஆனால் வந்தது சித்திரைத் தண்ணீர்: மல்லி இதழ், மொட்டையடித்த முடி, ஓலை விசிறி, உடைந்த பலூன் எல்லாம் மிதந்தன. பட்டுச்சேலைக்காரிகள் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்து அலறினார்கள்.  அழகுபாண்டி குனிந்து தோல்பையைத் தொட்டான், நிறைந்திருந்தது. மூச்சிரைக்க ஓடிவந்த வீரணன், "சார், ஆறு என்னைய ஒரு வார்த்த கேக்காம மேல ஏறிருச்சு சார்" என்றான். நுஸைபா முட்டி போட்டது போட்டபடியே இருந்தாள். தண்ணீர் அவள் மடியைத் தொட்டது. வெதுவெதுப்பாக இருந்தது.

ஹாலாஸ்யத்தின் ஷூவில் ஏதோ முட்டியது. விலகிப் போய், திரும்பி வந்து மறுபடி முட்டியது. குனிந்தார். இடது கால் செருப்பு. நீலம். அவர் உள்ளங்கை அளவுகூட இல்லை. அறுந்த வாரில் ஊக்கு அப்படியே பளபளத்தது. அவருடைய முகத்தில் ஏழு வயது வந்து போனதை நுஸைபா பார்த்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, ஷூ இரண்டையும் கழற்றி, சாக்ஸைச் சுருட்டி அதற்குள் வைத்தார். வெறுங்காலைத் தண்ணீருக்குள் விட்டுக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து தமிழ்வாணியின் டி.சி.யை எடுத்து விரித்தார். அதில் அந்த ஈரச் செருப்பை வைத்துச் சுற்றி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஷூவை அங்கேயே விட்டுவிட்டு, ஏறி வரும் தண்ணீருக்கு எதிராகப் படியிறங்கிப் போனார்.