ரேமண்டின் முதுகு

ரேமண்ட் இறந்த ஏழாவது மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கிள்ளான் வீட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த படத்துக்குள்ளேயே அவர் முதுகைத் திருப்பிக்கொண்டார். சட்டம் கோணவில்லை, கண்ணாடி விரியவில்லை. முகம் இருந்த இடத்தில் பின்னந்தலையும், ஒழுங்காகக் கத்தரித்த பிடரியும், நீலச் சட்டையின் காலரும் இருந்தன. அதே காலையில் பிரிக்பீல்ட்ஸில் அவருடைய அக்காள் மார்க்கிரட் வீட்டில், மாதா கோயிலில் புதுநன்மை வாங்கிய பிள்ளைகளின் பழைய குழுப்படத்தில் ஒரு பையன் மட்டும் திரும்பி நின்றான். அம்பாங்கில் மகன் பிரையன் வீட்டில், அவர் உடன் நின்ற பட்டமளிப்புப் படத்திலும், அலமாரியில் கிடந்த அவருடைய அடையாளக் கார்டிலும் அதே கதைதான். கிள்ளானில் ஸ்டூடியோ வைத்திருப்பவர் கல்யாண நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மாப்பிள்ளை இதிலேயே திரும்பித்தான் இருக்கிறார், கழுவியதில் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டார்.

அன்று காலையில் வழக்கத்துக்கு மாறாக நடந்தது ஒன்றே ஒன்றுதான். ரேமண்டின் மனைவி உர்சுலா ஆடினாள். துக்கத்துக்கென்று தைத்த வெள்ளைப் பஞ்சாபி உடுப்பில் பாசாருக்கு மீன் வாங்கப் போய்விட்டுத் தாமான் குடியிருப்பின் திடல் வழியாக வந்தவள், அங்கே சீன ஆன்டிகள் ஒலிபெருக்கி வைத்து லைன் டான்ஸ் ஆடுவதை எப்போதும் போல ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் ஏமி, ஓய்வுபெற்ற தாதி, "மாரி லா, ஆன்டி!" என்று கையை ஆட்டிக் கூப்பிட்டாள். உர்சுலா மீன் பையை வேலிக் கம்பியில் மாட்டிவிட்டுக் கடைசி வரிசையில் போய் நின்றாள். ஏன் நின்றாள் என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். அவளுக்கே தெரியாததை அவள் எப்படிச் சொல்வாள்? முப்பத்து நான்கு வருடக் குடித்தனத்தில் ரேமண்ட் ஆடாதே என்று சொன்னதில்லை, அவளும் ஆடட்டுமா என்று கேட்டதில்லை. கல்யாண விருந்துகளில் பாட்டு சூடுபிடித்ததும் ரயில்வேக்காரரான அவர், வண்டிக்கு நேரமானவர் மாதிரி கார் சாவியைத் தேடத் தொடங்குவார். அவள் கைப்பையை எடுத்துக்கொள்வாள். அதுதான் பதில் என்று வைத்துக்கொண்டாள்.

படம் திரும்பிய சங்கதியை ஆட்டத்தோடு யாரும் உடனே முடிச்சுப் போடவில்லை, ஆகவே அவளுக்குச் சில மாதங்கள் கிடைத்தன. அந்த மாதங்களில் உர்சுலா தன்னைப் பற்றிச் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டாள். தான் சத்தமாகச் சிரிக்கிறவள் என்பது அதில் முதலாவது. கடைசி வரிசை தனக்கு ஆகாது, முன்வரிசைதான் வேண்டும் என்பது இன்னொன்று. இத்தனை வருடமாகக் கட்டிலின் சுவர் ஓரத்தில் ஒடுங்கிப் படுத்தவளுக்கு நடுவில் கையைக் காலைப் பரப்பிப் படுப்பதுதான் பிடித்திருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் இப்படி ஒருத்தியைத் தன் வீட்டிலேயே சந்திப்பது அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இவளை முன்னாலேயே தெரியாமல் போயிற்றே என்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதும் இருக்கிறாள்.

கோயிலில் பேச்சு கிளம்ப அதிக நாளாகவில்லை. புருஷன் செத்து வருடம் திரும்பவில்லை, இவள் திடலில் இடுப்பை ஆட்டுகிறாள் என்று ஜெபக் கூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டே பேசிக்கொண்டார்கள். சாமியார் ஒருநாள் வந்து படத்தின் மேல் தீர்த்தம் தெளித்தார். ரேமண்ட் திரும்பவில்லை. அவருடைய சட்டைக் காலர் மட்டும் நனைந்தது, மறுநாள் காய்ந்துவிட்டது. கடைசியில் மார்க்கிரட்தான் இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, பிரையனையும் அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"என் தம்பிக்கு இது புடிக்கலன்னு இன்னும் எப்படித்தான் சொல்லணும்? வாய் இருந்தா சொல்லியிருப்பான்."

வாய் முப்பத்து நான்கு வருடம் இருந்ததே அண்ணி என்பது உர்சுலாவின் தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். பிரையன் அதட்டவில்லை, அதுதான் சங்கடம். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"மம்மி, எங்களுக்கு பிள்ளை பொறக்கப் போகுது. அதுக்கு தாத்தா முகம்னு காட்ட என்கிட்ட ஒரு போட்டோ கூட இல்ல லா. எனக்கே டாடி முகம் மறந்துகிட்டு வருது."

மறுநாள் முதல் உர்சுலா திடலுக்குப் போகவில்லை. காலையில் பாட்டு கேட்கும் நேரத்தில் ஜன்னல்களைச் சாத்தினாள். மேசைக்கடியில் கால்கள் தாமாகத் தாளம் போட்டால் வாளித் தண்ணீரில் அவற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஏமி ஒரு தடவை வாசல் கேட்டண்டை வந்து, ஏன் வருவதில்லை என்று மலாயில் விசாரித்தபோது, முட்டி வலி என்றாள். அதுவரை முட்டியில் ஒன்றும் இல்லை. சொன்ன பொய் அன்று மாலையே வலது முட்டியில் போய் உட்கார்ந்துகொண்டது, பிறகு எழுந்திருக்கவே இல்லை. ஊர் அவளை மெச்சியது. விதவை என்றால் உர்சுலா மாதிரி இருக்க வேண்டும் என்றார்கள்.

ரேமண்ட் மெள்ள மெள்ளத் திரும்பினார். முதல் வருடம் இடது காது தெரிந்தது, இரண்டாம் வருடம் கன்னமும் மூக்குக்கண்ணாடியின் ஓரமும். அதற்குள் பேத்தி நடாலி பிறந்து நடக்கவும் தொடங்கிவிட்டாள். நிறுத்திய மூன்றாம் வருடம், நினைவுப் பூசையன்று ஞாயிற்றுக்கிழமை, முழு முகமும் வந்துவிட்டது. மார்க்கிரட் வாய்விட்டு அழுதாள். பிரையன் மகளைத் தூக்கிக் காட்டினான். உர்சுலா கரண்டியும் கையுமாக அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள். நல்ல முகம். கோபம் அதில் துளியும் இல்லை. படம் எடுத்த அன்று எப்படிக் கேமராக்காரனைப் பார்த்தாரோ அப்படியேதான் பார்த்துக்கொண்டிருந்தார். இவளைப் பார்க்கவில்லை. இந்த முகத்துக்கு முப்பத்து நான்கு வருடத்தைக் கொடுத்தாள், அதில் அவளுக்குக் குறையில்லை. ஆனால் பிறகும் மூன்று வருடத்தைக் கொடுத்திருக்கிறாள், யாரும் எதையும் யாரிடமும் கேட்காமலே. அது அவளுக்குத் தாங்கவில்லை.

"எல்லாரும் நல்லா பாத்துக்குங்க. நாளைக்கு காலைல நான் ஆடப் போறேன்" என்றாள்.

யாரும் சண்டை போடவில்லை. அவள் குரலில் சண்டைக்கு இடமில்லை. பிரையன் முகத்தைப் படம் பிடித்து வைக்கப் போனை எடுத்தான், பிடிக்கும் படமும் நாளைக்குத் திரும்பிக்கொள்ளும் என்று தெரிந்து பையில் போட்டுக்கொண்டான். அன்று மதியம் முழுக்க எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து ரேமண்டின் முகத்தைப் பார்த்தார்கள். கோழிப் பிரட்டல் ஆறிப்போயிற்று. மார்க்கிரட் தம்பியின் புருவத்தைக் கட்டைவிரலால் கண்ணாடி மேல் தடவிக்கொண்டே இருந்தாள். எல்லாரையும்விட அதிக நேரம் பார்த்தவள் உர்சுலாதான்.

மறுநாள் அவள் திடலுக்குப் போனாள். ஏமி ஸ்ரீ கெம்பாங்கானில் மகளோடு இருக்கப் போய்விட்டாளாம், வேறொருத்தி ஆட்டம் சொல்லிக்கொடுத்தாள், பாட்டுகளும் புதியவை. முட்டி மடங்க மறுத்ததால் முன்வரிசை கிடைக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன்பு சுழன்ற இடத்தில் இப்போது அவளால் திரும்பி நிற்கத்தான் முடிந்தது. ஆனாலும் கடைசிப் பாட்டுவரை ஆடினாள். வீட்டுக்கு வந்தபோது நீலச் சட்டையின் முதுகு தெரிந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதுவிட்டு மீன் கழுவப் போனாள்.

இப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கல்லறைத் திருநாளில் அந்த முதுகுக்கே மாலை போடுகிறார்கள். நடாலிக்குத் தாத்தா என்றால் பின்னந்தலைதான், அவளுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. வயதாகிவிட்ட மார்க்கிரட், தனியே இருக்க முடியாமல் பிரிக்பீல்ட்ஸ் வீட்டை விட்டுவிட்டு உர்சுலாவோடு வந்து தங்கியிருக்கிறாள். ஆட்டம் முடிந்து வருகிறவளுக்குத் தேத்தண்ணி கலக்கிவைப்பதும் அவள்தான். போன வாரம் ஒருநாள் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவள் துணியோடு அப்படியே நின்றாள்.

"ஏன் உர்சுலா, இவன் கோவத்துல திரும்பினானா, இல்ல கூச்சத்துல திரும்பினானா?"

"தெரியல அண்ணி. இருக்கப்பவே கேட்டிருக்கணும். நான் கேக்கல."

"நானும்தான் கேக்கல" என்றாள் மார்க்கிரட்.

இருவரும் கொஞ்ச நேரம் அவர் பார்க்கும் திக்கையே பார்த்தார்கள். பிறகு உட்கார்ந்து பசியாறினார்கள்.